அப்பா தானாக எழுந்திருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். இந்த ஒரு வரியை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் மீதிக் கடிதத்தையே எழுத வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் திணறினார், நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு மனசே இல்லையாம்மா?" என்று கேட்டுப் பட்டென்று போனை வைத்துவிட்டாய். அப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. மாப்பிள்ளைதான் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் சொல்லி வைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் நீ வந்து கூட்டிப்போகப்போவதாகவும் மென்று முழுங்கிச் சொன்னார். பாவம், அந்த மனுஷனை ஏன் தூது அனுப்புகிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே கிடக்கும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

எனக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்று பரிசோதனையில் வந்தபோது நீ லீவு போட்டு ஓடி வந்தாய், ஞாபகம் இருக்கும். திரும்பிப் போவதற்குள் வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிட்டாய், அம்மா எதையும் தூக்கக் கூடாது என்று. அப்பாவுக்கோ நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. தண்ணீர் வாளி, கடைப் பை, கடைசியில் பால் பாக்கெட்டைக்கூட என் கையிலிருந்து பிடுங்குவார். நானும் பொய் சொல்லக் கூடாது, ஜம்மென்று அனுபவித்தேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு உட்காரக் கற்றுக்கொடுக்கவா வேண்டும். அப்புறம் அப்பாவுக்கு அந்தப் பக்கவாதம் வந்து இடது கால் தளர்ந்தது, தாங்குகிற முறை எனக்கு வந்தது. அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. போன வருஷம் மழைக்காலத்தில் அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து மலை மலையாகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய மனுஷன் தரையில் கிடக்கிறார், நான் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறேன், ஒரு விரற்கடை நகரவில்லை. இழுத்த இழுப்பில் நானும் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தேன், எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து வந்து எங்கள் சத்தத்தைக் கேட்கிற வரைக்கும் இரண்டு பேரும் ஈரத்திலேயே கிடந்தோம். அப்பா சும்மா இருப்பாரா, வந்ததுதான் வந்தோம், இரண்டு பேரும் குளித்துவிடலாமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாப்பா. இந்தத் தெம்பில்லாத கையை வைத்துக்கொண்டு இனி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

எலும்பு டாக்டரிடம் போய், நான் கனம் தூக்கிப் பழகலாமா என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொண்டு முறையாகப் பழகினால் தாராளமாகச் செய்யலாம், சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எலும்புக்கு எமன் என்று அவர் சொன்னார். டயர் கடைக்கு மேலே ஒரு ஜிம் இருக்கிறது, முழுக்க ரப்பர் வாசனை, சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் நாள் நான் உள்ளே போனபோது, வழி தவறி வந்துவிட்டேனோ என்று எல்லோரும் ஒரு பார்வை பார்த்தார்கள். பயிற்சி கொடுப்பது ஒரு பெண், முன்பு பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவள், பிசியோதெரபி படித்தவள். அப்பா அவளுக்கு இரும்புக்காரி என்று பேர் வைத்திருக்கிறார். முதலில் வெறும் குச்சியைக் கொடுத்துக் குனியச் சொன்னாள், முதுகு வளையாமல் குனியவே எனக்கு வெகு நாள் ஆனது. அப்புறம் வெறும் கம்பி, அப்புறம் தட்டு தட்டாகக் கனம். இப்போது ஒரு சிமெண்ட் மூட்டை எடையைத் தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் தூக்கி நிற்கிறேன். கண்ணைத் தேய்த்துக்கொள்ளாதே, சரியாகத்தான் படித்தாய். வயது ஏற ஏறத் தசை கரைந்துகொண்டே போகுமாம், உபயோகிக்காமல் விட்டால் இன்னும் சீக்கிரம். நடப்பது நல்லதுதான், ஆனால் போன தசையைத் திரும்பக் கொண்டுவர அது போதாதாம், கனம் வேண்டும், அந்தக் கனமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், கடைசித் தடவை தூக்கும்போது ஆளை விடு என்று உடம்பு கெஞ்ச வேண்டும். எலும்பும் மேலே பாரம் விழுந்தால்தான் கெட்டிப்படுமாம். என் எலும்பு இந்த வருஷம் மேலும் மெலியவில்லை, துளி ஏறிக்கூட இருக்கிறது. சாப்பிடுகிற சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்ளுமாம், எனக்குச் சர்க்கரை இறங்கி டாக்டரே ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வருகிறது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க இப்போது எலக்ட்ரீஷியன் வீட்டம்மா என்னைக் கூப்பிடுகிறாள்.

இதெல்லாம் அப்பாவைத் தூக்கத்தான் என்று இரும்புக்காரியிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். அவள் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க தூக்கிடுவீங்க. நீங்க வீட்ல இல்லாதப்ப விழுந்தா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அப்பா சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுகிறேன், அவர் ரொட்டியை நான்தான் பிய்த்து வைக்கிறேன், அவர் எழுந்திருக்க நினைப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறேன். நீங்கள் எல்லோரும் பாசத்தில் எனக்குச் செய்ததை அப்படியே அவருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். நம் குடும்பத்துக்கே இது ஒரு வியாதி, யார் மேல் பாசம் வைக்கிறோமோ அவர்கள் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வது. அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவரையும் ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உயரமான பெஞ்சிலிருந்து எழுந்து உட்காருவது, அப்புறம் தாழ்ந்த பெஞ்சு, அப்புறம் நெஞ்சோடு ஒரு கனத்தை அணைத்துக்கொண்டு அதையே செய்வது. வீட்டில் ஒரே கட்டளைதான், யாரும் கை கொடுக்கக் கூடாது. அன்றைக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே, அது திமிர் இல்லை கண்ணே. கட்டாவிட்டால் என் கை தானாக நீண்டுவிடும். அந்தத் தாழ்ந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. நீ இன்னும் ஒரு நிமிஷம் போனை வைக்காமல் இருந்திருந்தால், அவர் எழுந்து நின்றதையும் பார்த்திருப்பாய்.

இன்னொன்றும் மறைக்க மாட்டேன். இந்தப் புதன்கிழமை வாசல் நடையில் கால் தடுக்கி மறுபடி விழுந்தார். நான் ஓடிப்போய் தலையில் அடியா, எங்கேயாவது வலியா என்று பார்த்தேன், ஒன்றுமில்லை. தூக்கியிருப்பேன், இப்போது என்னால் முடியும். அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். புரண்டு, முழங்கை ஊன்றி, முழங்கால் ஊன்றி, செருப்பு வைக்கிற பெஞ்சைப் பிடித்து, நடுவில் ஒரு தடவை சறுக்கி, எழுந்தே விட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "இனிமே நான் பயப்படாம விழலாம்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் அந்த இல்லத்துக்கு அப்பா வருவதாக இல்லை. என்றைக்குமே வேண்டியிருக்காது என்று வீம்பு பேசவில்லை, வேண்டிய நாள் வந்தால் நானே வாய்விட்டுக் கேட்பேன், அந்த நாள் இது இல்லை. நீ வா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, பத்து நாள் இருந்துவிட்டுப் போ. உனக்கும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் வலி என்கிறாய், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாய். நான் தொடங்கிய வயதுக்கு நீ காத்திருக்காதே, நல்ல ஆளாகப் பார்த்து இப்போதே தூக்கப் பழகு, தசைக்குத் தீனி வேண்டும், காலையில் முட்டை சாப்பிடாமல் வெளியே கிளம்பாதே. மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ, தொப்பை போட்டிருக்கிறார், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல், கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்க, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். கிளம்புவதற்கு முன்னால் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. நீ வந்து மணி அடித்தால் அப்பாதான் கதவைத் திறக்க வருவார், நான் உள்ளேயே இருப்பேன். கொஞ்சம் நேரமாகும். மறுபடி மணி அடிக்காமல் நில்லு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா