எஸ்தர் கூப்பிட்டால் வரும்

சனிக்கிழமை, இரவு.

நாளை விடியுமுன் அண்ணன் வலையோடு வந்துவிடுவான். எதற்கு என்று மகள் எஸ்தரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நாக்கை மடித்துக் கௌதாரி மாதிரிக் கூப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் அப்பா எனக்குக் கற்றுத்தந்தது. நான் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் பதறி எட்டிப்பார்ப்பார். இவள் கூப்பிட்டதும் உடைமரக் காட்டிலிருந்து இரண்டு கௌதாரிகள் வேலியோரம் வந்து நின்றன. எதற்காகக் கூப்பிடுவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். பெருமை தாங்காமல் அண்ணனிடமும் உளறித் தொலைத்தேன்.

இன்று சாயங்காலம் வந்து அவள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அசந்துபோனான்.

"ஏலே, நம்ம அப்பா கூப்பிட்ட மாதிரில்லா இருக்கு! காலைல வலையோட வாறேன், பிள்ளையக் கூட்டிட்டுப் போவோம். சர்ச்சுக்கு முந்தி முடிச்சிரலாம்."

"வனத்துறைக்காரங்க பிடிச்சா கேசாயிரும்ணே."

"நீ கௌதாரிக்கறி தின்னு வளந்தவன்தானல? இப்ப என்ன, சாமியாரா?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டேன். இந்த வயதிலும் அவனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. எஸ்தரிடம் உண்மையைச் சொன்னால், அப்புறம் அவள் கௌதாரியையும் கூப்பிட மாட்டாள், என்னையும் கூப்பிட மாட்டாள்.

இப்போது அவள் டிபன் டப்பாவில் கம்பு நிரப்பி வைத்திருக்கிறாள். கௌதாரிகளுக்குச் சாப்பாடாம்.

"பெரியப்பா எதுக்குப்பா வாறாங்க?"

"சும்மா பார்க்கத்தான்."

என் முகம் எப்படி இருந்ததோ, படுக்கப் போனவள் திரும்பி வந்து முதுகில் தட்டினாள்.

"பயப்படாதீங்கப்பா. நான் கூப்பிட்டா கண்டிப்பா வரும்."