முள் குத்தினால் காசில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், உன் அம்மாவுக்கு முழங்கால் வலியும் எனக்கு உன் அம்மாவின் வாயும் தவிர வேறு குறையில்லை. நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா.

நம் பஞ்சர் கடைக்கு எதிரே நிற்கும் வேலமரத்தை வெட்ட வேண்டும் என்று தெருவில் ஒரே பேச்சாக இருந்தது. மழை எட்டிப் பார்க்காத இந்த மண்ணில் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் தானே வளர்ந்த மரம். காயை ஆட்டுக்காரம்மாவின் ஆடுகள் தின்கின்றன, கழித்த கிளை இஸ்திரிக்காரருக்குக் கரியாகிறது, பிசினை உன் அம்மா சுரண்டி எடுத்துக்கொள்கிறாள், முள் மட்டும் எனக்கு என்று தெருவே கேலி பேசும், நானும் சிரிப்பேன். போன வாரம் பள்ளி வேனில் இரண்டு டயரும் பஞ்சராகிப் பிள்ளைகள் பரீட்சைக்குத் தாமதமாகப் போனார்கள். விடிகாலையில் நான் ரோட்டில் குனிந்து என்னவோ செய்வதை டிரைவர் பார்த்தாராம், முள்ளை அள்ளிப் போடுவதே நான்தான் என்று தெருக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மரத்துக்காக வாய் திறந்தால் வயிற்றுக்காகப் பேசுகிறான் என்பார்களே. கடைசியில் எழுந்து, இனிமே முள்ளு குத்தின டயருக்குக் காசு வாங்க மாட்டேன், மரத்தை விட்டுடுங்க என்றேன். மரம் பிழைத்தது. உன் அம்மா என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டு, அப்புறம் அவளே அதை அட்டையில் எழுதிக் கடையில் மாட்டினாள். மறுநாள் முதல் ஆளாக வந்தது அந்த டிரைவர்தான். டயரில் இருந்தது ஆணி. முள்ளுதான் என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தேன்.

அது கிடக்கட்டும். டெய்லர் மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு நீயும் போனில், நெஜமாவே நீங்கதான் போட்டீங்களாப்பா என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமில்லை கண்ணு, வலித்தது, அவ்வளவுதான். குனிவது உண்மை. முள்ளைப் பொறுக்கத்தான் குனிகிறேன். நீ சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது வந்த பழக்கம். ஊரார் டயர் பஞ்சரானால் எனக்கு வரும்படி, உன் சக்கரத்தில் மட்டும் குத்தக் கூடாது என்று நீ போகும் ஓரத்தை மட்டும் பார்த்துப் பொறுக்குவேன், அவ்வளவு நல்லவன் உன் அப்பன். நீ போன பிறகு யார் யார் பிள்ளைகளோ போகிறார்கள், விட மனசு வரவில்லை, இப்போது ரோடு முழுக்கப் பொறுக்குகிறேன். கண் மங்கிவிட்டது, சிலது தப்பிவிடுகிறது.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே. லீவுக்கு வரும்போது மறக்காமல் மாடிப்படிக்குக் கீழே உள்ள உன் சைக்கிளை எடுத்து டியூபைக் கழற்றிப் பார். ஒரு ஒட்டுகூட இருக்காது.

உன் அப்பா