வளைத்துக் கட்டிய செடி

குபெர்டினோ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

தாமரைச்செல்வியின் வணக்கம். நீங்களும் அண்ணாவும் டெக்சஸ் கேட்டியில் நலம்தானே? அங்கே பெருமழை என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் அவரைப் பந்தல் தப்பித்ததா?

இரண்டு மாதத்துக்கு மேலாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். வந்த தபாலைப் பிரிக்காமல் போடும் பழக்கம் உங்களுக்குக் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தம்பியைப் பற்றி. நான்காவது சுற்று மருந்து ஏறிவிட்டது. கட்டி சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது. டாக்டருக்கு இப்போது கவலை எடையைப் பற்றித்தான். இன்னும் குறைந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்கிறார். ஞாயிறுதோறும் நீங்கள் போனில் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்கிறீர்கள். "ஆச்சுக்கா" என்கிறார். அது பொய். ரசம் சாதம் இரண்டு வாய், பிறகு குமட்டல். குமட்டலுக்கான மாத்திரைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கேமரா கெட்டுவிட்டது என்று அவர் சொல்வதும் பொய்தான். முகத்தை உங்களுக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

அந்தச் செடி. அன்று வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணு, புளிச்சக்கீரை இப்பிடித் தழைஞ்சு கெடக்குது, ஒரு கடைசல் வெச்சுத் தின்னா என்ன?" என்றீர்கள். அப்பா பக்கத்தில் நின்ற ரோஷினி சிரிப்பை அடக்க முடியாமல், "அத்தை, தட்ஸ் வீட்!" என்று கத்தினாள். வீட் என்றால் கஞ்சா என்று உங்களுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள். டெக்சஸில் இத்தனை வருடம் இருந்தவருக்கா புரியாது? அப்போதே, அதை வாயில் வைக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்; அதை இப்போது சொல்கிறேன்.

வீட்டுக்குள் சில செடிகள் வளர்ப்பதை இந்தக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்கினோம். புகைக்க வேண்டாம், செடியின் சாரத்தைச் சொட்டாக எடுத்துப் பார்க்கலாம், சிலருக்குப் பசி திரும்புகிறது என்றார். மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. 'சிலருக்கு' என்ற சொல்லை நான் லேசில் நம்ப மாட்டேன். கடையில் வாங்கிய சொட்டை எடுத்த வாரத்தில் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். அதை நிரூபணம் என்று சொல்லவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

வளர்த்துப் பார்ப்பது அவர் ஆசை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவர் எழுந்து வந்து, என் பட்டுப்புடவை அலமாரியைக் காலி செய்து விளக்கு மாட்டினார். அங்கே உயரம் போதாது. செடியை நேராக விட்டால் நுனி விளக்கில் கருகும், கீழ்க்கிளைகள் நிழலில் நோஞ்சானாக நிற்கும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வெட்டுவது கிடையாது, கிள்ளுவதும் கிடையாது. தண்டு இளசாக இருக்கும்போதே நுனியை மெல்லச் சாய்த்துத் தொட்டி விளிம்பில் கட்டிவிட வேண்டும். கம்பி தண்டை அறுக்கும் என்று என் உள்பாவாடை நாடாவை உருவிக்கொண்டார். நுனி தாழ்ந்ததும் பக்கக் கிளைகள் ஒவ்வொன்றாக எழுந்து அதே மட்டத்துக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைத்தது.

இரண்டு செடியில் ஒன்றைக் கட்டினார், மற்றதை அப்படியே விட்டார். இரண்டே செடியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றேன். "நீ ஒண்ணும் பேப்பர் எழுதப் போறதில்ல செல்வி, பேசாம நாடாவப் புடி" என்றார். நோய் வந்தபின் அவர் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான். ஒருநாள் நான் அவசரமாக வளைத்ததில் தண்டு கீறிவிட்டது. டேப் சுற்றிக்கொண்டே, "இன்னிக்குக் கொஞ்சம், ரெண்டு நாள் கழிச்சுக் கொஞ்சம்னு வளைக்கோணும்" என்றார். ரெண்டு நாள் கழித்து என்று அவர் பேசிக் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது, அண்ணி.

சத்தியம் செய்த அன்றே சொட்டை நிறுத்திவிட்டார். செடியை மட்டும் விடவில்லை. "வாயில வெக்கமாட்டேன்னுதான் அக்கா மேல சத்தியம் பண்ணுனேன், தொடமாட்டேன்னு பண்ணல" என்றார். விட்ட செடி ஒற்றை நுனியில் மட்டும் பூத்தது. கட்டியது பாய் விரித்த மாதிரி முழுக்கப் பூத்தது. இருந்தும் நம்ப மாட்டேன் என்றேன், அவரைச் சிரிக்க வைக்க. அறுத்து உலர்த்திப் போட்ட பாட்டில் மூடியபடியே இருக்கிறது.

சத்தியத்தை மீறினால் ஒன்றும் ஆகாது என்று வாதாடினேன். "அக்காளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கிற மனிதர் கேட்கிற கேள்வி இது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கிட்டுசாமி மாமாவைத் தேடிக் கோபி பஸ் ஸ்டாண்டில் அலைந்தவர் நீங்கள். கஞ்சா ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால் பசி வரும் என்று உறுதி கொடுக்கவும் என்னால் முடியாது. வராமலும் போகலாம். முயன்று பார்த்தோம் என்றாவது இருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை எடை பார்க்கிறார்கள். ஞாயிறு வரை காத்திராமல், இது கிடைத்ததும் அவருக்குப் போன் செய்யுங்கள். தலையணைக்குப் பக்கத்திலேயே போனை வைத்திருக்கிறார். என்னோடு பேச வேண்டாம். நான் எழுதியதாகவும் சொல்ல வேண்டாம். நீங்கள் வாங்கிய சத்தியத்தை நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க முடியும். இந்த முறை சாப்பிட்டியா என்று கேட்காதீர்கள், அண்ணி. "எது எறங்குதோ அதச் சாப்புடு கண்ணு, அக்காளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லுங்கள்.

அவருக்குப் பசிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் சாமியிடமும் கேட்கத் தொடங்கியிருக்கும்,
தாமரைச்செல்வி