இரண்டு ஃபேனும் உள்ளே

மே 12, திங்கள்

இன்றும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மூன்றாவது பாடம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது பொசுக்கென்று திரை கறுத்துப்போனது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குச் சைகை மொழிப் பாடங்கள். ஆசிரியை கையால் பேசுவதைப் படம் பிடித்துத் தந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓடும் சித்திரங்களைச் செய்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்குவது என் வேலை. ஒரு பாடம் படமாகி வர மெஷின் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அடுத்த புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், மறுநாள் அங்கே கோடைச் சிறப்பு வகுப்பு தொடங்குகிறது. "எங்க பிள்ளைங்களுக்கு இதுதாம்மா புத்தகம், தள்ளிப் போட்டுடாதீங்க" என்றார் தலைமையாசிரியை. நன்றாக முடிந்தால் வருஷம் முழுக்க அவர்கள் பாடம் எனக்கே. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு இந்த வீட்டில் ஓடுவது என் வேலை ஒன்றுதான். அதுவும் பாதியில் நிற்கிறது.

மே 13, செவ்வாய்

இரண்டு முறை நின்றது. எழுத வேறொன்றும் இல்லை.

மே 14, புதன்

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று அவரிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "நான் கட்டினதை இன்னொருத்தன் திறந்து பாக்கணுமா?" என்றார்.

வேலை போனபின் மாதக்கணக்கில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த மனிதர், ஒருநாள் பாகம் பாகமாக வாங்கிவந்து எனக்காகக் கட்டிய கம்ப்யூட்டர் இது. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, என் சின்ன மேஜைக்கு அளவாக. அன்று திருகாணி முடுக்கும்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியைக் குறை சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

மே 15, வியாழன்

சூடுதான் காரணம். உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாதிரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூறைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானே நின்றுவிடுகிறது. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டுதானே இருக்கின்றன? பிறகு ஏன் கொதிக்கிறது?

மே 17, சனி

"காத்து பத்தல" என்று அவரே கண்டுபிடித்து, இன்னும் வேகமாகச் சுற்றும் இரண்டு ஃபேன் வாங்கிவந்து பழையவை இருந்த மாதிரியே மாட்டினார். சத்தம் கூடியது. அவர் முகத்தில் நம்பிக்கையைப் பார்த்து எனக்கும் வந்தது. மீதிப் பாடங்கள் மொத்தத்தையும் நாளைக் காலையில் ஓடவிடுகிறேன்.

மே 18, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

முடியப் போகிற நேரம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நின்றது மட்டுமில்லை, எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் திறக்கவில்லை. முதலிலிருந்து போடணும். அவர் பின்னால் வந்து நின்று, "இன்னொரு ஃபேன் வச்சுப் பாக்கலாமா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். நான்தான்...

"உங்க கை பட்டது எதுவுமே உருப்படாது."

சொல்லிட்டேன். அத்தை ஹாலில் இருந்தார்கள், தன் மகனை மருமகள் பேசியதைக் கேட்டார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தன் அக்கா வீட்டுக்குத்தான் போயிருப்பார். போனை அணைத்து வைத்திருக்கிறார்.

நரம்பில்லாத நாக்கு. எனக்கு ஏன் இப்படி வருது? பாடமும் இல்லை, மனுஷனும் இல்லை. நாளைக்குத் தலைமையாசிரியம்மாவுக்குப் போன் பண்ணி என்னால முடியலன்னு சொல்லிடவா? அந்தப் பிள்ளைங்க முதல் நாள் வந்து எதைப் பார்க்கும்?

மே 19, திங்கள்



காலையில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்வதற்கு முன் கடைசியாக ஒன்று பார்ப்போம் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். எண் சரசரவென்று இறங்கியது. திறந்தால் ஆறுகிறது, மூடினால் கொதிக்கிறது. அப்படியென்றால் காற்று பற்றாமல் இல்லை. சூடு வெளியே போகாமல்தான் கிடக்கிறது.

தகட்டை மூடிவிட்டு, ஒரு மெல்லிய காகிதத் துண்டை முன் ஃபேனுக்கு நேரே பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது, சரி. பின் ஃபேனிடம் பிடித்தேன். வெளியே தள்ள வேண்டும். அதுவும் இழுத்து ஒட்டிக்கொண்டது.

இரண்டும் உள்ளே ஊதுகின்றன. நாங்கள் வேகமான ஃபேன் வேறு வாங்கி மாட்டினோம்.

"அத்தை, பின்னாடி ஃபேன் திரும்பியிருக்கு" என்று கத்தியேவிட்டேன். அத்தை வந்து குனிந்து பார்த்தார்கள். முகம் மாறியது.

"அவன் முதல்ல வேற மாதிரிதாம்மா வச்சிருந்தான். கம்பியும் ஸ்டிக்கருமா ஹாலைப் பாத்துட்டு இருந்துச்சு. உன் மேஜை இப்படிக் கிடக்கறதால வர்றவங்க கண்ணுல படறது பொட்டியோட முதுகுதான். நல்ல முகத்தை வெளிய வைடான்னு நான்தான் சொன்னேன். சரிம்மான்னு திருப்பி வச்சான்."

ஃபேனின் நல்ல முகம் இருக்கும் பக்கம்தான் காற்றை இழுக்கும் பக்கம். கம்பியும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கமாகத்தான் தள்ளும். அவர் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். அம்மா பேச்சுக்குத் திருப்பியவர், புது ஃபேனையும் அதே மாதிரி மாட்டிவிட்டார். அவரையா நான் அப்படிச் சொன்னேன்?

தகட்டைத் திறந்தே வைத்து ஓட்டியிருக்கலாம். காரணம் தெரிந்தபின் கை சும்மா இருக்குமா? நாலு திருகாணிதான். நானே கழற்றித் திருப்பி மாட்டினேன். அத்தை டார்ச் பிடித்தார்கள். மூடி ஓடவிட்டேன். எண் எழுபதுக்குப் பக்கத்தில் போய் அங்கேயே நின்றது. பின்னால் கை வைத்தால் சூடான காற்று வருகிறது.

மே 20, செவ்வாய்

ஓடும் மெஷினுக்கு அத்தையைக் காவல் வைத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். "தம்பி சரியாவே சாப்பிடல" என்று வாசலிலேயே சொன்னார் நாத்தனார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "நீங்க முதல்ல வச்சதுதான் சரி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப எத்தனை டிகிரி?"

"எழுபது. ஏறவே இல்ல."

தலையாட்டினார். நான் பேசினது தப்பு என்றேன். "அதை விடு" என்றார். ஆனால் கூட வரவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் பாடங்கள் ஓடி முடிந்திருந்தன. சந்தோஷப்படத் தெரியவில்லை.

மே 21, புதன்

அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அவர் வந்தார். என்னிடம் பேசவில்லை. தட்டு வைத்தேன், சாப்பிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

அடுத்த தொகுதிப் பாடங்கள் வந்துவிட்டன, ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் பெட்டிக்குள் காற்றுக்கு வழிமறித்த ஒயர்களை ஓரமாக இழுத்துக் கட்டினார். இன்னும் மூன்று டிகிரி குறைந்தது. "பாத்தியா?" என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பி வந்தபின் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அப்போது பக்கத்து வீட்டம்மா ஹாலில் உட்கார்ந்து அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏங்க, அந்தப் பொட்டில இருக்கற ஃபேனைத் திருப்பி வச்சா என்ன? பின்பக்கம் பாக்க நல்லாவே இல்லையே" என்றார்.

"அது அப்படித்தான் இருக்கணும்" என்றார்கள் அத்தை. "கட்டினது என் பையன். கெடுத்தது நான். சரி பண்ணினது என் மருமக."

உள்ளேயிருந்து அவர், "ஊர் பூராச் சொல்லணுமாம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை.