ஈஸ்வரி காருக்கான வால்வு

ஜவ்வாது மலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது. நடுவில் சிக்னலும் போய்விடுகிறது. அதனால் உன் கார் வால்வைப் பற்றி நீ கேட்டதற்குக் காகிதத்தில் பதில். சொல்லப் போவது இவை:

1. பழைய வால்வை மாற்றத்தான் வேண்டும்.
2. காற்றை வெளியே விடும் வகை உன் வண்டிக்கு ஒத்துவராது.
3. அந்தச் சத்தத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.
4. அம்மாவின் உடல்நிலை.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்; அது போதுமா என்று தெரியவில்லை. அதனால் போளூர் போனபோது மெக்கானிக் சேட்டுவிடமும் கேட்டேன். "இன்னா சார், இந்த வயசுல ரேசுக்குப் போப்போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, பழுதான வால்வு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நீ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், டர்போ என்கிற விசிறி இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்பிய காற்று போக வழியில்லாமல் திரும்பி வந்து டர்போவையே இடிக்குமாம். அந்தக் காற்றுக்குத் திறந்துவிடும் கதவுதான் இது. உன் வண்டியில் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும், அதனால்தான் ஏற்றத்தில் இழுவை குறைகிறது என்கிறார். முதல் குறிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது. உனக்கு இந்த வண்டியை விற்றவர் காற்றை வெளியே விடும் வகையைப் பொருத்தியிருக்கிறார். உன் வண்டியோ உள்ளே வரும் காற்றை முதலிலேயே அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றுகிறது. அளந்த காற்று வெளியே போய்விட்டால் பெட்ரோல் மட்டும் மிஞ்சும், இன்ஜின் திணறும். பொங்கலுக்கு வந்தபோது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோனதாகவும், பின்னால் லாரி வந்ததாகவும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றைத் திரும்ப உள்ளேயே அனுப்பும் வகையை வாங்கு. அதில் சத்தமே இருக்காது.

சத்தம் போனால் போகட்டும் என்றுதான் மூன்றாவது குறிப்பை எழுதினேன். ஒவ்வொரு வளைவிலும் புஸ்ஸென்று உன் வண்டி மூச்சு விடுவதைக் கேட்டு, "உங்க பொண்ணு வண்டிக்குச் சளி புடிச்சிக்கிச்சா சார்?" என்று பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "அது வாணாங்க. சத்தம் இருக்கறதையே வாங்கச் சொல்லுங்க" என்றாள். காற்று, பெட்ரோல் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கீழ் வளைவுல அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்ப அணைச்சிட்டு வாசலுக்கு வர்றேன். சத்தம் இல்லாம வந்து நின்னா, என் பொண்ணப் பார்த்தே யாரும்மான்னு நான் கேட்டுட்டா இன்னா பண்றது?"

பேனாவை மூடிவைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொட்டை எடுத்தேன்.

நான்காவது குறிப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. எழுதவில்லை. போன முறை நீ இறங்கியதும், "இளைச்சிட்டியேடி" என்று உன் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னாளே, நினைவிருக்கிறதா? பிடித்துப் பார்த்துத்தான் சொன்னாள். அவ்வளவுதான். நான் வால்வைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, மீதியை உள்ளே திருப்பும் நடுத்தர வகையும் உண்டு என்று சேட்டு சொன்னார். பாதிப் பாதி என்பதால் அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உன் வண்டிக்குப் பொருந்துமா என்று அங்கே நல்ல ஆளிடம் கேள். இன்ஜின் திணறக் கூடாது. கீழ் வளைவில் கேட்கவும் வேண்டும். சத்தம் கொஞ்சம் இருந்தால் போதும், அம்மாவின் காது நன்றாக இருக்கிறது.

மாட்டியதும் ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. திரும்பிப் போகும்போது அம்மாவையும் உன்னோடு கூட்டிக்கொண்டு போ. அங்கே நல்ல கண் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நான் சொன்னதாகச் சொல்லாதே. உனக்கே தோன்றியதாக இருக்கட்டும்.

வளைவுகளில் நிதானமாக ஓட்டு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்க விடாதவன் நான். அதனால் மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.

அன்புடன்,
அப்பா
கோபால்சாமி