அம்மாவின் வயிற்றுக்கு நீ குறித்த தேதி

கடப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அரசுவுக்கு,

நைனா எழுதுவது. நீயும் பவானியும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன், அதில் ஒரு தகப்பன் எழுதக்கூடாத வார்த்தைகள் இருந்தன. இதிலும் ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடிக்கிறாய், அதையும் நான் நினைக்காத மாதிரி முடிக்கிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

பொங்கல் முடிந்த வாரத்தில் என்று அம்மாவுக்கு நீ வாங்கி வைத்திருந்த எடை குறைப்பு ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டேன். ஆமாம், நான்தான். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள், சொன்னேன். ஆபரேஷனே வேண்டாம் என்று நான் நிற்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது, எடை குறையாமல் முட்டியில் கை வைக்க முடியாது என்று எலும்பு டாக்டரும் சொல்லிவிட்டார், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் எந்த ஆபரேஷன் என்பதை நீ அபுதாபியில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செங்கல்பட்டில் டாக்டர் ஜெபாவை முதலில் பார்த்த அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பார். நீ வீடியோவில் இருந்தாய், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். டாக்டரம்மா பொறுமையாகப் படம் போட்டுச் சொன்னார். ஒன்று ஸ்லீவ், இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குவது. இன்னொன்று பைபாஸ், மேலே சின்னப் பையாகப் பிரித்து அதைச் சிறுகுடலோடு சேர்த்துவிடுவது. பிறகு உன் அம்மாவைப் பார்த்து, பானுமதி, நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ, "எப்பவாவது இருக்கும் மேடம்" என்றாய். வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறாங்களா என்றார். "அதெல்லாம் கிடையாது மேடம், சுகர் மாத்திரை மட்டும்தான்" என்றாய். உனக்கு எப்படித் தெரியும்? நீ ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று? பைபாஸ் பண்ணினால் உன் மேனேஜர் மாதிரி பாதியாக இளைத்துவிடுவாள் என்று நீயே சொல்லி, தேதியையும் நீயே கேட்டு வாங்கினாய். உன் மேனேஜர் குளிர்ந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். உன் அம்மா ஈர மணலில் மீன் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்.

அந்த நெஞ்செரிச்சலைச் சொல்கிறேன். அவள் படுத்துத் தூங்குவதே இல்லை. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறாள். எனக்கு அது பழகிவிட்டது, வியாதி என்று தோன்றவில்லை. மாத்திரை விஷயம் அதைவிட மோசம். போன வாரம் அவள் குடையை மறந்துவிட்டாள், கொடுப்பதற்காக மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து பெண்கள் கூடையைத் தலைக்கு ஏற்றப் போகிற நேரம். இவளோடு மீன் விற்கும் மாரியம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, வெற்றிலை கொடுப்பது போல ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுத்துக்கொண்டே வருகிறாள். "இந்தா பானு, ஒண்ணு போட்டுகினு தூக்கு, இல்லன்னா மேட்ல ஏற சொல்லோ உன் முட்டி கடகடன்னு ஆடும், நாங்க மீனைப் பொறுக்குறதா உன்னைப் பொறுக்குறதா" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். இவளும் சிரித்துக்கொண்டே தண்ணீர் இல்லாமல் விழுங்குகிறாள். தினமும் ஒருத்தி வாங்கி வருவாளாம், இது அவர்களுக்குள் வழக்கமாம். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் கேட்டாரே ஏன் சொல்லவில்லை என்றேன். "அது இன்னா மாத்திரையா? டீ குடிக்கிற மாதிரி அது. டீ குடிக்கிறத எல்லாமா டாக்டராண்ட சொல்லுவாங்க?" என்றாள்.

அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் கணக்கு வாத்தியார், டாக்டர் இல்லை, பாதியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும். ஆனால் இவ்வளவு புரிந்தது. ஸ்லீவ் செய்தால் இருக்கிற எரிச்சல் இன்னும் கூடலாம். பைபாஸ் எரிச்சலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் அதற்குப் பிறகு இந்த மாதிரி வலி மாத்திரையைத் தொடக்கூடாது, ஒட்டுப் போட்ட இடத்தில் புண்ணாகி ரத்தம் கசியலாம், சத்து மாத்திரையோ ஆயுளுக்கும் விடக்கூடாது. அதாவது நீ மறைத்த எரிச்சல் பைபாஸ் பக்கம் இழுக்கிறது, நீ மறைத்த மாத்திரை ஸ்லீவ் பக்கம் இழுக்கிறது. மறைத்தாய் என்பது தப்பு, உனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னாய், அது இன்னும் தப்பு. நீ குறித்தபடி நடந்திருந்தால் பைபாஸ் முடிந்து அவள் கரைக்குப் போயிருப்பாள், மாரியம்மா ஒன்றைப் பிய்த்துக் கொடுத்திருப்பாள், இவளும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பாள். அதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இதைத்தான் படித்த கையோடு போனில் உன்னிடம் சொல்ல வந்தேன். "நைனா, நீ எதையாவது படிச்சிட்டு பேஜார் பண்ணாத, டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது" என்று வைத்துவிட்டாய். டாக்டருக்கு நாம் சொன்னால்தானே தெரியும்?

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் போய் பஸ் மாறி மறுபடி செங்கல்பட்டுக்குப் போனேன். போனை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டுப் போனோம், அன்று நீ கூப்பிட்டும் எடுக்காததற்கு அதுதான் காரணம். டாக்டர் மறுபடி அதே கேள்விகளைக் கேட்டதும் அவள் பழக்கத்தில் மேசையைப் பார்த்தாள், போன் இல்லை, என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவளே பேசினாள். தலையணையைச் சொன்னாள், மாரியம்மாவின் அட்டையைச் சொன்னாள், விடியற்காலை டீயோடு போனால் பதினொரு மணிக்குத்தான் சோறு என்பதைச் சொன்னாள். டாக்டர் அதட்டவில்லை, இதெல்லாம் தெரியாமல் கத்தியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைத்தான் கேட்டார். பிறகு பானுமதி ஒன்று கேட்டாள், "டாக்டரம்மா, ரெண்டுல எத்த பண்ணா நான் மறுபடி கூடைய எடுப்பேன்?" நீயும் கேட்கவில்லை, இத்தனை படித்த நானும் கேட்கவில்லை. எது செய்தாலும் சில மாதங்கள் பாரம் தூக்கக்கூடாது, அதன்பிறகு முட்டி இடம் கொடுத்தால் தூக்கலாம் என்றார் டாக்டர். முதலில் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், அது இல்லாமல் அவளால் இருக்க முடிகிறதா என்று தெரிந்த பிறகுதான் எது என்று பேச வேண்டும் என்றார். அவளும் சரி என்றாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கவுண்டருக்குப் போனேன். இப்போது மாத்திரை இல்லாமல் வலியில் வீட்டையே இரண்டு பண்ணிக்கொண்டிருக்கிறாள், நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் திட்டுகிறாள். ஆனால் போடவில்லை.

இனி அந்தத் தேதியைப் பற்றி. பிரசவத்துக்கு முன் அம்மா இளைத்து அங்கே வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் பொங்கல் முடிந்த வாரம் என்று பவானி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்த உடம்போடு அம்மாவால் விமான சீட்டில் உட்கார முடியாது, பெல்ட் போட முடியாது என்றாயாம். விசாரித்துவிட்டேன். பெல்ட் எட்டாதவர்களுக்கு இன்னொரு துண்டு பெல்ட் தருகிறார்கள், கேட்டால் போதும். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியும் உண்டு. அவள் உன் பிள்ளையைப் பார்க்க வருவாள், இப்போது இருக்கிற உடம்போடு வருவாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல், நான் கூட வருகிறேன். செலவு நீ செய்கிறாய் என்பதால் வயிறு உன்னுடையது ஆகிவிடாது.

பவானியை நன்றாகப் பார்த்துக்கொள், அவளை அதிகம் நிற்க விடாதே. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்தில் எழுதுவதால் அது குறைந்துவிடவில்லை. அடுத்த தடவை கூப்பிடும்போது என்னைக் கேட்காதே, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல். குழாய் விட்டுப் பார்த்ததில் என்ன சொன்னார்கள், எதைச் செய்துகொள்ள நினைக்கிறாள் என்று அவளிடமே கேள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள், கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ பேச ஆரம்பித்துவிடாதே. அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் நைனா
நீலமேகம்