மாடியில் கட்டிய கடல்

தென்காசி,
ஆடிக் கடைசி வெள்ளி.

என் கண்ணு வித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். சுகம் என்றால், எனக்கு இடுப்பு பிடித்துக் கிடக்கிறது, வாசல் கறிவேப்பிலை மரம் செத்துப் போயிற்று, அப்பா நேற்றுவரை யாரோடும் பேசவில்லை, நேற்றிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை, மற்றபடி சுகம். அயர்லாந்துக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று குற்றாலத்தில் இருக்கிற என் பேர்க்காரி அம்மையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள். இந்தக் காலத்தில் என்னத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நான் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அடுத்த எழுத்தை அவர் சொல்கிறார். அதனால்தான் பருப்புப் பொடிப் பார்சலுக்குள் மடித்து வைத்து அனுப்புகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

சித்திரையில் நீ போனில், அங்கே உன்னை வேலையில் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள், ஆவணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாய் அல்லவா. அதற்கு அப்பா, அந்தக் கடல்பாசி ஆராய்ச்சிய இங்கன வந்து பாக்கக் கூடாதாட்டி என்று கேட்டார். நீயும் சிரித்துக்கொண்டே, தென்காசியில கடல் இல்லையேப்பா, செம்பாசிக்குக் கடல் வேணுமே என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாயோ நிசமாகச் சொன்னாயோ எனக்குத் தெரியாது, நீ போனை வைத்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பேச்சிராஜ் கொத்தனாரைக் கூப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கடல் இருந்தது வித்யா. வீடியோவில் அவர் பின்னால் நீலத் தார்ப்பாய் தெரிகிறதே, என்னப்பா அது என்று நீ கேட்டதற்கு வத்தல் காயப் போட்டிருக்கு என்று சொன்னாரே, அது வத்தல் இல்லை, கடல். நீ பதில் சொல்லும் முன்னால் ஒருநாள் திடீரென்று காட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டுமாம், அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.

தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒற்றைக்கல் சுவரில் இடுப்பளவு தொட்டி. பேச்சிராஜ், அண்ணாச்சி இது துணி தொவைக்கவா மாடு குடிக்கவா என்று கேட்டிருக்கிறான், அப்பா கடலுக்கு என்று சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஐயோ பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. முதல் தடவை அப்பா திருச்செந்தூர் போய்க் கேனில் கடல் தண்ணீர் பிடித்துப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். கண்டக்டர் சாமி தீர்த்தமா என்று கேட்க இவரும் தலையாட்ட, அந்த ஆள் கேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, லக்கேஜ் டிக்கெட்டையும் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்தத் தண்ணீர் தொட்டியின் தரையைக்கூட நனைக்கவில்லை. அப்புறம் குட்டியானை வண்டி பேசி டிரம் டிரம்மாகக் கடல் வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. பாறையில் இருந்த பாசியைத் திருச்செந்தூரில் ஒரு மீன்காரர் கிள்ளிக் கொடுத்தாராம், ஒன்று கஞ்சிப்பாசி, இன்னொன்று மரிக்கொழுந்துப் பாசி. மரிக்கொழுந்து என்றதும் நான் ஆசையாக மோந்து பார்த்தேன், தலையில் வைக்கிற வாசனை இல்லை. பிறகு, சும்மா கிடக்கிற தண்ணீரில் பாசி மூச்சுமுட்டிப் போகும், அலை வேண்டும் என்று எதிலோ படித்துவிட்டு என் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றினார். அதில் ஒரு பலகையைக் கட்டி அது தள்ளத் தள்ளக் கடகடவென்று ஒரு சத்தம், தொட்டிக்குள் அலை. கடலுக்கு அலை வந்த அன்றைக்கே நம் வீட்டில் இட்லி நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடை மாவு வாங்காத நான் பாக்கெட் மாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். வைகாசி வெயிலில் கடல் சூடாகிவிடும் என்று ஐஸ் வாங்க இவர் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். பரம்பரையாகச் சைவம், மீன் கடை இருக்கிற தெரு வழியாகக்கூடப் போகாத ஆள், காலையில் பையோடு மீன் மார்க்கெட் வாசலில் நிற்கிறார் என்றால் ஊர் என்ன பேசும்.

அது போதாதென்று நீ சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடம். பல் தேய்க்கிற பேஸ்ட் தண்ணியாக ஓடாமல் நிற்பதற்குச் செம்பாசிப் பிசின் போடுகிறார்கள், ஐஸ்கிரீம் வழவழப்புக்கும் அதுதான், பெரிய பெரிய ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பார்க்கிற கண்ணாடித் தட்டிலும் அதுதான் என்று குற்றாலத்தில் ஓர் ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று விளக்கியிருக்கிறார். வாங்க வந்தவர்கள் கிருமி என்றதும் திரும்பிப் போக, கடைக்காரர், அண்ணாச்சி சீசன் நேரம், கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க என்று கும்பிட்டாராம். அயர்லாந்தில் இருமலுக்குச் செம்பாசியைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பார்கள் என்று நீ எப்போதோ சொன்னதை வைத்து எனக்கும் ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுத்தார். இருமல் நின்றுவிட்டது. பாசியால் நின்றதா, அடுத்த டம்ளர் வந்துவிடும் என்கிற பயத்தில் நின்றதா, எனக்கே தெரியவில்லை.

ஆனி பிறந்து சாரல் வந்ததும்தான் உண்மையான கூத்து. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, லாட்ஜெல்லாம் நிறைந்து கிடக்கிறது, ஊரே முகம் மலர்ந்து நிற்கிறது, இவர் ஒருத்தர் மட்டும் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். ஏனென்றால் சாரல் விழ விழக் கடலில் உப்பு குறைகிறது. தார்ப்பாய் கட்டினார், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. குடையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் பக்கத்தில் நின்றார், தனக்கு இல்லை, கடலுக்கு. விரலை விட்டு நக்கிப் பார்த்து, ஏட்டி, உப்பு கொறஞ்சிட்டு, நீ வந்து பாரு, எனக்குக் கை வராது என்று என்னைக் கூப்பிட்டார். ரசத்துக்கும் குழம்புக்கும் உப்பு பார்த்தே காலம் போகும் என்று நினைத்திருந்தேன், கடலுக்கு உப்பு பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும். கல்லுப்பை மூட்டையாக வாங்கினேன். கடைக்காரர், என்ன மதினி, ஊறுகா கம்பெனியா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உப்பு பார்க்கப் போகிற சாக்கில் தினமும் விடிந்ததும் மாடிக்குப் போக ஆரம்பித்தேன், பிறகு உப்பு பார்க்காமலும் போனேன். அந்தப் பாசியைக் கையில் தூக்கினால் பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்குகிறது, பார்க்கவே சகிக்கவில்லை. அதையே தண்ணீரில் விட்டதும் ஒவ்வொரு இழையாகப் பிரிந்து, விரிந்து, அலைக்கு ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்கிறது. வெளிச்சம் மேலே பட்டால் ஒரு சிவப்பு, நிழல் விழுந்தால் கோழிக்கொண்டைப் பூவின் அடர்ந்த சிவப்பு, நுனியில் மட்டும் தேன் நிறம். அந்த நுனி புதுசு, நம் தொட்டியில் வளர்ந்தது. நீ ஒருதடவை சொல்லித் தந்தாயே, பாசி மிதக்கும்போது அடியில் காகிதத்தைக் கொடுத்து அலுங்காமல் தூக்க வேண்டும், பசை எதுவும் வேண்டாம், அதன் பிசினே ஒட்டிக்கொள்ளும் என்று, அதேபோல் ஒன்று செய்தேன். காய்ந்ததும் யாரோ நேர்த்தியாக வரைந்த மாதிரி இருந்தது. கீழே அடுப்பில் பால் பொங்கி அணைந்து கிடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் போய் அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று உன்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது கண்ணு. அது அன்றைக்குப் போய்விட்டது.

இப்போது கேள், கடல் போன கதையை. மீன் மார்க்கெட் சமாசாரம் உன் பெரியப்பா நாறும்பூநாதன் காதுக்கு எட்டிவிட்டது. தம்பி வீட்டில் மீன் வேகிறதா என்று பார்க்கவே வந்தார். படி ஏறும்போதே கடல் வாடை மூக்கில் ஏற, ஏலே சங்கரு, மச்சியில கருவாடு காயப் போட்டிருக்கியாலே, நம்ம குடும்பத்துக்கு இப்படி ஒரு கேடா என்று கத்திக்கொண்டே மாடிக்கு வந்தவர், அலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விரலை விட்டு நக்கினார். திருச்செந்தூர்த் தண்ணி என்று அப்பா சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். முழங்கால் வலியில் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரமும் போக முடியவில்லை திருச்செந்தூரும் போக முடியவில்லை என்று அவருக்கு ஒரே மனக்குறை. கடலே வீடு தேடி வந்திருக்குலே, முன்னோருக்கு இங்கனயே எள்ளும் தண்ணியும் விட்டுருவோம் என்று அவரே முடிவு செய்து சுரண்டை ஆட்களுக்கும் வீரகேரளம்புதூர் ஆட்களுக்கும் போனும் போட்டுவிட்டார். அப்பா கையைப் பிடித்துக் கெஞ்சினார், அண்ணே, இது பிள்ளைக்காக வளக்குதேன், உள்ள எறங்காதீய, எள்ளு போட்டா பாசி கெட்டுப் போகும் என்று. பெரியப்பாவோ, அலையடிக்கிற கடலே நம்ம எள்ளுக்குப் பயப்படலைலே, நீ ஏன் பயப்படுதே என்று சொல்லிவிட்டார். அமாவாசையன்று காலையில் மாடிப்படி முழுக்க ஈரத் துண்டு கட்டிய சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராக இறங்குங்கள் என்று அப்பா வரிசை போட்டுப் பார்த்தார். ராகுகாலம் வரப் போகிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஒன்றாக இறங்கிவிட்டார்கள். ஒற்றைக்கல் சுவர், அதில் உப்பு அரித்த பூச்சு, எத்தனை சைவப்பிள்ளைமாரைத்தான் தாங்கும். படாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கடல் மாடிப்படி வழியாக இறங்கி வீட்டுக்குள் வந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. உன் பெரியப்பா கையில் எள்ளோடும் தர்ப்பையோடும் வழுக்கிக்கொண்டே வந்து படிமுக்கில் உட்கார்ந்தார். ஒருத்தருக்கும் அடியில்லை, சாமி காப்பாற்றியது. விட்ட மந்திரத்தை அங்கேயே உட்கார்ந்து சொல்லி முடித்துவிட்டு, திவ்யமான ஸ்நானம் என்று பெரியப்பா காப்பி கேட்டார். கறிவேப்பிலை மரம் போனது அன்றைக்குத்தான்.

எல்லோரும் போன பிறகு அப்பா அந்தக் காலித் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. என்னிடம் சண்டைகூடப் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேற்று அடுத்த வீட்டு ஹஸீபா ஒரு தட்டை மூடிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நம் கடல் அவள் வீட்டு முற்றத்திலும் புகுந்திருக்கிறது. வடிந்த பிறகு பார்த்தால் சாக்கடைக் கம்பியில் ஒதுங்காமல் துணி துவைக்கிற கல்லின் மேலேயே பாசி சுத்தமாகத் தங்கியிருக்கிறது. நோன்புக்கு எப்போதும் கடல்பாசி காய்ச்சுகிறவள் அல்லவா, தூக்கி எறிய மனசு வராமல் நல்ல தண்ணீரில் அலசி அலசி வெயிலில் போட்டிருக்கிறாள். சிவப்பெல்லாம் வெளுத்து வெள்ளையாகிவிட்டதாம். அதைக் காய்ச்சி வடிகட்டித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு ஊற்றி, அக்கா, கடைப் பாசி மாதிரி கெட்டியா நிக்கலை, ஆடுது, ஆனா ருசி இருக்கு, அண்ணனுக்குக் கொடுங்க என்றாள். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு, ஏட்டி, இது நம்ம கடல்ல வெளஞ்சது என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஹஸீபாவும் காரணம் தெரியாமலே சேர்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்ததும் பேச ஆரம்பித்தவர் இன்னும் ஓயவில்லை. இன்றைக்குக் காலையிலேயே பேச்சிராஜ் வந்துவிட்டான், அடுத்த தொட்டி ரெட்டைக்கல் சுவராம், கம்பி கட்டியாம், இரண்டு மோட்டாராம். மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் அம்மா சொல்கிறதை நன்றாகக் கேள். என் ஆசை என்ன என்றால் நீ நாளைக்கே வந்து இந்த வீட்டில் இருக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலையை எடுத்துக்கொள். ஒரு தொட்டித் தண்ணீருக்கே எனக்குப் பால் பொங்கினது தெரியவில்லை, முழுக் கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற உன்னை நான் எப்படி வா என்று சொல்வேன். எடுத்துக்கொண்டதும் அப்பாவிடம் நீயே நேராகச் சொல்லிவிடு, நான் இங்கதான் இருக்கப் போறேம்ப்பா என்று. அழுவார், நாலு நாள் சாப்பிட மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் மட்டும் ஒன்றுகூடச் சொல்லிவிடாதே. ஆராய்ச்சிக் கூடம் இல்லை என்றால் என் அடுப்படியை இடிப்பார், அந்தக் குளிர் இங்கே இல்லை என்றால் அதையும் எங்கேயாவது போய் வண்டி பேசிக் கொண்டுவருவார். நீ எந்தக் காரணம் சொன்னாலும் அதைச் சரிசெய்துவிட்டு, இனி வந்துவிடுவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார் கண்ணு, அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. நான் காகிதத்தில் எடுத்த பாசியைப் பொடிப் பாட்டிலுக்குப் பின்னால் அட்டைக்குள் வைத்திருக்கிறேன், மடங்காமல் எடு. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட ஆயுசோடு இரு, அது போதும் எங்களுக்கு. போனில் பேசும்போது கடிதம் வந்தது என்று உளறிவிடாதே, பொடி நல்லாருந்ததும்மா என்று மட்டும் சொல்லு.

உன் அம்மா,
கோ. குழல்வாய்மொழி